தண்ணீரில் விழுந்த எண்ணெய்



எண்ணெய்க்குத் திருச்சபையில் எத்தகைய மரியாதை உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பூசுவதும், உறுதிபூசுதலில் நெற்றியில் இடுவதும், மரணப் படுக்கையில் கிடப்பவரின் நெற்றியிலும் கைகளிலும் தடவுவதும் எண்ணெயே. பரிசுத்த வாரத்தில் அதிமேற்றிராணியார் புதிய தைலங்களை மந்திரித்துத் தந்தபின், மீந்துபோன பழைய தைலத்தைச் சாக்கடையில் ஊற்றுவது கிடையாது. கோவில் விளக்கிலிட்டு எரித்துவிடுவதே நெடுங்கால வழக்கம். சிறு குப்பியின் அடியில் தங்கிய சில துளிக்கே இவ்வளவு கவனம்!

இன்று நான் சொல்ல வந்தது வேறோர் எண்ணெயைப் பற்றி. பூமியின் வயிற்றிலிருந்து எடுத்து, கப்பலிலும் லாரியிலும் நம் படகு இஞ்சினிலும் ஊற்றுகிறோமே, அதைப் பற்றி.

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் நடந்ததைக் கேளுங்கள். 2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி அதிகாலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘டான் காஞ்சீபுரம்’ என்ற எண்ணெய்க் கப்பலும் ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற எரிவாயுக் கப்பலும் மோதிக்கொண்டன. சுற்றுப்புறத்துக்குச் சேதமில்லை என்பதே துறைமுகத்தாரிடமிருந்து வந்த முதற்செய்தி. தம்பியைப் பற்றிச் சர்வேசுரன் விசாரித்தபோது காயீன் சொன்ன பதில் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் கடல் பொய் சொல்லவில்லை. கனத்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையின் பாறைகளுக்கிடையில் தார்போலத் திரண்டு நின்றது. உறிஞ்சும் யந்திரங்கள் அந்தக் கசட்டின் முன் திணறின. கடலோரக் காவற்படையினரோடு மீனவரும் மாணவரும் இறங்கி, வாளியால் நாள்கணக்காக அள்ளினார்கள். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைநாடும் பருவம் அது.

ஏழு வருஷம் நிறையுமுன் அதே ஊரில் மறுபடியும் நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் புறப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. எங்கள் குழாயில் கசிவில்லை என்றது சென்னை பெட்ரோலிய ஆலை. அங்கிருந்தே வந்ததென்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. இதற்குள் வலையும் படகும் கருத்துப் போயின. கூழைக்கடாக்கள் கறைபட்ட இறக்கையோடு நின்றதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தோம்.

பறவைக்கு இறகுதான் சட்டையும் போர்வையும். அதில் எண்ணெய் பட்டால் தண்ணீர் உட்புகும். உடம்பின் சூடு போகும். மிதக்கவும் பறக்கவும் முடியாது. அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும். அப்போது அந்த விஷம் வயிற்றுக்குள்ளே போகும். தன்னைச் சுத்தமாக்க முயன்றே சாகிறது, பாவம்! மீன் முட்டையும் இறால் குஞ்சும் நம் கண்ணுக்குத் தெரியாமல் அழிகின்றன. தப்பிய மீனிலும் நாற்றம் ஏறிவிட்டால் சந்தையில் யார் வாங்குவார்?

சுத்தம் செய்ய வழியில்லாமலில்லை. மிதவை வேலி கட்டி எண்ணெயைப் பரவவிடாமல் வளைத்து, மேலாக வழித்தெடுப்பார்கள். சிதறடிக்கும் மருந்து தெளிப்பதுமுண்டு. அது ஆழ்கடலுக்கே ஆகும். கரையோரத்தில் தெளித்தால், மேலே மிதந்த விஷத்தை மீன்குஞ்சுகளின் நடுவே கலந்துவிட்டதாக முடியும். எண்ணெயைத் தின்கிற நுண்ணுயிர்களும் உண்டு. 2017-ல் அள்ளிய கசட்டை அவ்விதம் பக்குவப்படுத்தினார்கள். இத்தனை செய்தும், கடலில் விழுந்தது முழுவதும் திரும்பக் கைக்கு வருவதில்லை.

இது நமக்கென்ன என்பீர்களோ? வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரத்துக் காடு இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த தில்லை மரம் அங்கே நிற்கிறது. சுரபுன்னையும் வெண்கண்டலும் நிற்கின்றன. 2004-ல் சுனாமி வந்த நாளில் பின்னாலிருந்த கிராமங்களுக்குக் கேடயமாக நின்றது அந்தக் காடுதான். சேற்றில் காற்றில்லாததால் வெண்கண்டல் தன் வேர்களை ஈர்க்குபோல மேலே நீட்டி மூச்சு விடுகிறது. அந்த வேர்மேல் எண்ணெய் படிந்தால், மூக்கையும் வாயையும் பொத்தியது போலத்தான். எண்ணூர்ப் பாறையிலாவது வாளி கொண்டு அள்ளலாம்; இங்கே ஆள் இறங்கினால் மிதிபட்டு எண்ணெய் சேற்றுக்குள் இறங்கும்; வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

ஏழாம் கற்பனையைப் பற்றிச் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தீர்கள். பிறர் பொருளைக் கெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, ஈடுகட்டவும் வேண்டும். சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும், வஞ்சித்ததை நாலு மடங்காகத் திருப்புவேன் என்றான். எடுத்தது பணம், ஆகவே திருப்ப முடிந்தது. 2023-ல் சர்க்கார் எண்ணூர் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், கறைபட்ட படகுக்கு 10,000 ரூபாயும் கொடுத்தது. நல்லதே. ஆனால் முகத்துவாரத்துக்கு எதைக் கொடுப்பது? செத்த நண்டுக்கு நாலு மடங்கு நண்டு எந்தக் கடையில் கிடைக்கும்? ஈடுகட்ட முடியாத சேதத்தைச் செய்யாதிருப்பதைத் தவிர மனசாட்சிக்கு வேறு வழியில்லை. கம்பெனிக்கும் இதுவே கற்பனை. எனக்கும் உங்களுக்கும் இதுவே.

ஏனெனில் கடலுக்குள் போகும் எண்ணெயெல்லாம் கப்பல் மோதி வருவதல்ல. தினந்தோறும் கொஞ்சங்கொஞ்சமாகக் கரையிலிருந்தும் போகிறது. முதுநகர்த் துறையில் படகடியில் தேங்கிய டீசல் கலந்த தண்ணீரை இறைத்து விடுகிறோம். பட்டறையில் மாற்றிய இஞ்சின் ஆயிலைச் சாக்கடையில் சாய்க்கிறோம். கோடையில் அது அங்கேயே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடிலமும் உப்பனாறும் பெருகும்போது தானே கிளம்பிப் போகும், மணலியில் கிளம்பியது போல.

பழைய ஆயிலைப் பதிவு பெற்ற கழிவெண்ணெய்க்காரரிடமே கொடுக்கவேண்டுமென்று சட்டம் இருக்கிறது. ஒரு லிட்டருக்காக எவரும் வரமாட்டார் என்பதும் மெய்தான். ஆகவே படகுக்காரரும் பட்டறை வைத்திருப்பவரும் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்கு வீட்டுக்கு வந்து பேசுங்கள். மூடியுள்ள பீப்பாய்கள் இரண்டு தேவைப்படும். ஒன்று துறைக்கு, ஒன்று பஸ் நிலையப் பக்கத்துப் பட்டறைகளுக்கு. நிரம்பினதும் அவரை வரவழைப்பது யார் பொறுப்பு என்பதையும் அன்றே தீர்மானிப்போம். கோவில் தைலத்தைப் போல எரித்துவிடலாமே என்று யாரும் எண்ணவேண்டாம். அந்தப் புகையும் விஷம்.