ஐயம் கேட்பது அபசாரமா?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என எங்கே காலக்ஷேபம் நடந்தாலும், கேட்கும் அடியார்களுக்கு ஒரு தயக்கம் உண்டு: ஆசார்யர் சாதித்த பொருளில் ஐயம் எழுந்தால், கேட்பது அபசாரமாகாதோ? அருகிலுள்ள ஸ்ரீபெரும்பூதூரில் 1017இல் அவதரித்த எம்பெருமானாரின் சரிதமே இதற்கு விடை.

அவர் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருள் கேட்டு வந்தார். இரண்டாம் பத்து, மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தை ஆண்டான் ஆழ்வாரின் ஏக்கமாகச் சாதிக்க, எம்பெருமானார் அதனையே நன்றிப் பெருக்காக விண்ணப்பித்தார். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் என்று ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். செய்தியறிந்து எழுந்தருளிய திருக்கோஷ்டியூர் நம்பி, அப்பொருளையும் ஆளவந்தார் சாதிக்கத் தாம் கேட்டதுண்டு என்றருளினார். ஆண்டான் இசைந்தார், காலக்ஷேபம் தொடர்ந்தது.

எம்பெருமானார் ஆராய்ந்தது பொருளை, ஆசார்யரை அன்று. ஆண்டானும் தம் சொல்லினும் ஆளவந்தார் திருவுள்ளத்தையே பெரிதாகக் கொண்டார். ஆகவே, 'இப்பொருள் எந்த வியாக்யானத்தில் உள்ளது?' என்று நாமும் பணிவுடன் கேட்கலாம். கேள்விக்கு இடமளிக்கும் ஆசார்யரிடம் விசுவாசம் வேரூன்றும். கேட்கவே கூடாது என்பாரிடமோ, நாம் பற்றியிருப்பது ஸம்ப்ரதாயத்தையா, ஒருவர் வாய்ச்சொல்லையா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.