தராசில் ஏறியவர்



"தம்பி, இந்த வாரம் ஃப்ரீயா? மாமாக் கடையில உட்கார்ந்து பேசுவோம். ஒரு நல்ல பிசினஸ் இருக்கு." எஸ்.பி.எம். முடித்த கையோடு இப்படி ஓர் அழைப்பு உங்களில் பலருக்கு வந்திருக்கும். போய் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவார்கள். மேலே நீ. உனக்குக் கீழே ஐந்து பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கீழே ஐந்து பேர். "வேலைக்குப் போனா காலம் பூரா முதலாளிக்குத்தான் உழைக்கணும். இதுல நீயே முதலாளி!"

சம்பாதிக்க ஆசைப்படுவது தப்பில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று நம் முன்னோர் பொருளுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். அறம்தான் முதலில் நிற்கிறது.

அறுபத்து மூவரில் ஒருவர் அமர்நீதி நாயனார். பழையாறையில் பொன்னும் மணியும் ஆடையும் விற்ற பெரிய வணிகர். திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்களுக்கு உணவும் உடையும் கோவணமும் கொடுத்து வந்தார். ஒருநாள் சிவபெருமான் பிரம்மச்சாரியாக வந்தார். தண்டில் கட்டியிருந்த இரண்டு கோவணங்களில் ஒன்றை, "நான் வரும்வரை வைத்திரும்" என்று கொடுத்துவிட்டு நீராடப் போனார். திரும்பி வந்து கேட்டபோது அதைக் காணோம். தண்டில் இருந்த மற்றக் கோவணத்தைத் தராசில் இட்டு, அதற்குச் சரியான எடை கேட்டார். நாயனார் துணியும் பொன்னும் குவித்தார். தட்டு சமமாகவில்லை. கடைசியில் மனைவி மகனோடு தாமும் தட்டில் ஏறினார். அப்போதுதான் தராசு நேராக நின்றது.

ஒரு கோவணத் துணிக்கு அவ்வளவு எடை எங்கிருந்து வந்தது? அது ஒருவர் நம்பிக் கொடுத்த பொருள். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

உங்களிடமும் அப்படி ஓர் அடைக்கலப் பொருள் இருக்கிறது. "நம்ம பிள்ளை சொல்லுது, தப்பா இருக்காது" என்று சித்தி 2,000 வெள்ளியை எடுத்துக் கொடுக்கிறாரே, அவர் வாங்குவது அந்த மாத்திரை டப்பாவை அல்ல, உங்கள் வார்த்தையை. தேவார வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவனும் அப்படித்தான் சேருகிறான்.

அந்த வட்டங்களைக் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். பத்தாவது படிக்கு மட்டும் 97 லட்சத்து 65 ஆயிரத்து 625 பேர் வேண்டும். பதினோராவது படிக்கு 4 கோடியே 88 லட்சம் பேர். மலேசியாவில் கைக்குழந்தையைச் சேர்த்து எண்ணினாலும் ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் பேர்தான்! ஆக, கடைசிப் படியில் ஏமாந்து நிற்பது யாரோ ஒரு வீட்டுச் சித்திதான்.

நேரடி விற்பனை எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. உரிமம் எடுத்து, நல்ல பொருளை நியாயமாக விற்பவர்களும் உண்டு. ஆள் சேர்ப்பதையே வருமானமாக வைத்த பிரமிட் திட்டத்தை நம் நாட்டில் நேரடி விற்பனைச் சட்டமே குற்றம் என்கிறது. சிங்கப்பூரிலும் 1973-லேயே இதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் உரிமத்தைப் பார்க்கும், அறம் மனசைப் பார்க்கும். அதனால் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒருவரையும் சேர்க்காமல், பொருளை மட்டும் விற்று நான் பிழைக்க முடியுமா? கமிஷன் இல்லாவிட்டாலும் இதை அம்மாவுக்கு வாங்கித் தருவேனா? என்னை நம்பி வந்தவர் பணத்தை இழந்தால், அதை நான் ஏற்பேனா?

மூன்றாவது கேள்விதான் அமர்நீதியாரின் தராசு. நஷ்டப்பட்டவரிடம் "நீ சரியா முயற்சி பண்ணல" என்று சொல்லிக் கைகழுவுவது இந்தத் தொழிலில் வழக்கம். நாயனார் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாமே ஏறினார்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம். இன்னொருவரைச் சேர்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சித்தி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். மாதம் 50 வெள்ளியாகவாவது திருப்பிக் கொடுங்கள். நாள் ஆகும், பரவாயில்லை. ஈசன் தராசைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

திருச்சிற்றம்பலம்.