கீழே ஒரு படி



திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் மேடும் பள்ளமுமானது. ஆதலால் நம் வீடுகளிலும் கோவில்களிலும் வெளிப்படிக்கட்டுகள் பல. ஒக்டோபர் முதல் சனவரி வரை மாரி மழை கொட்டும்போது, படியடியில் உள்ள மணல் கரைந்து ஓடிவிடுகிறது. படிகள் அப்படியே நிற்கின்றன, நிலந்தான் இறங்கிவிடுகிறது. 6 அங்குலமாயிருந்த முதற்படி நாளடைவில் 12 அங்குலமாகிவிடும்.

இளைஞர் அதை உணர்வதில்லை. ஒரே எட்டில் ஏறிவிடுவர். முழங்கால் நோவுள்ள ஆச்சிக்கோ அது ஒரு மலை. முதலில் பேரனின் கையைப் பிடித்து ஏறுவார். பின்னர் முற்றத்தில் கதிரை போட்டிருந்து பூசை காண்பார். கடைசியில் வீட்டிலேயே செபமாலை சொல்லிக்கொள்வார். "அவருக்கு வயது போய்விட்டது" என்று நாமும் சமாதானம் அடைந்துவிடுவோம். வயது போனது மெய்தான். ஆனால் அவரைத் தடுத்தது அங்கே இல்லாத ஒரு படி.

அப்போஸ்தலர் பணி நூலின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பிறவியிலேயே கால் ஊனமான ஒருவனை, நாள்தோறும் தேவாலயத்தின் அழகுவாயிலில் கொண்டுவந்து வைத்தார்கள். அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல். எத்தனையோ பக்தர்கள் அவனைக் கடந்து செபிக்கச் சென்றார்கள், காசும் போட்டிருப்பார்கள். இராயப்பரோ அவனுடைய வலக்கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் துள்ளி நடந்து உள்ளே சென்றான். பிச்சை அவனை வாயிலிலேயே வைத்திருந்தது. பிடித்த கை உள்ளே கொண்டு சேர்த்தது.

பழைய படிக்கட்டில் புதுப்படி சேர்ப்பது எப்படி என்று நல்ல மேசன் ஒருவரைக் கேளுங்கள். வெறும் மணலின்மேல் கொங்கிறீற் போடக் கூடாது. இறுகிய நிலம் வரும்வரை தோண்டவேண்டும். பழைய படியின் முகத்தைக் கொத்திக் கரடாக்கி, தூசி போகக் கழுவி, துளையிட்டுக் கம்பி இறக்கவேண்டும். வழவழப்பான பழையதோடு புதியது ஒட்டாது. கடல்மணலும் உப்புநீரும் உதவா. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, கொங்கிறீற்றை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். உயரமும் சமமாக வேண்டும்: 12 அங்குலத்தை ஆறும் ஆறுமாகப் பிரிக்கவேண்டும், நாலும் எட்டுமாக விட்டால் கால் தடுக்கும். பின்னர் ஈரச்சாக்கு மூடி, குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டுக் காக்கவேண்டும்.

பங்கு வாழ்விலும் இதுவே முறை. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பம், பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர், புதிதாக மணமுடித்து வந்த மருமகள் ஆகியோர் நம்மோடு ஒட்டவில்லை என்று குறைகூறுகிறோம். நம் பழைய முகம் சற்றுக் கொத்தப்பட்டதா? "நாங்கள் ஆதிக் குடும்பம்" என்ற வழவழப்பு நீங்கியதா? ஒருநாள் வரவேற்றுவிட்டு மறுநாள் வெயிலில் காயவிட்டோமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் புதிய படி உச்சியில் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் கீழேதான் வருகிறது. முதலில் சேறு படுவது அதன்மேல். ஏறுகிறவர் எவரும் அதை மிதித்தே ஏறவேண்டும். சீடரின் கால்களைக் கழுவக் குனிந்த நம் ஆண்டவர் தேர்ந்துகொண்ட இடமும் அதுவே. கடவுளின் வடிவில் இருந்தவர் அடிமையின் கோலம் பூண்டு நமக்குக் கீழ்ப்படியானார். அதனாலேயே நாம் தந்தையிடம் ஏறுகிறோம்.

வலுவிழந்தோரின் உரிமைகளைக் காக்க நமது நாடு 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. சட்டம் சொல்லுமுன்பே அன்பு செய்திருக்க வேண்டிய வேலை இது. சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படி போதாது, சாய்தளமும் வேண்டும்.

ஆகவே, வரும் ஞாயிறு பூசைக்குப் போகும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முன்பு வந்து, இப்போது வராதவர் யார்? அவர் வீட்டுக்குச் சென்று, அவரைத் தடுப்பது எதுவெனக் கேளுங்கள். அது கல்லாயின் சீமெந்து வாங்குவோம். நம் சொல்லாயின் மன்னிப்புக் கேட்போம். அவர் ஏறி வருமளவும் நம் திருக்கூட்டம் நிறைவு பெறாது.