போதும் என்னும் அளவு

இருப்பதில் நிறைவு காண்பது அறிவா? மேலும் சிறந்ததை நாடுவது அறிவா? வீட்டில் இசை கேட்போர் தம் ஆம்பிளிபயரை மாற்ற எண்ணும்போது இவ்வினா எழுகின்றது.

50 வாட் கருவியை விடுத்து 100 வாட் கருவியை வாங்கினால் ஒலி இருமடங்காகும் என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. கூடுவது ஏறத்தாழ 3 டெசிபல் மட்டுமே. செவிக்கு இருமடங்காய்த் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

இசைத்தட்டின் மீது ஓடும் ஊசியால் எழும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் அளவினதே. அதனை முதலில் உயர்த்துவது பிரீஆம்பிளிபயர். அங்கே இரைச்சல் கலந்துவிட்டால், அடுத்துள்ள ஆம்பிளிபயர் இசையோடு இரைச்சலையும் பெருக்கும். ஆகவே, ஆற்றலைக் கூட்டுமுன் குறை எங்குள்ளது எனக் காண்பதே முறை. குறை கண்டு மாற்றுவது தேவை. அண்டை வீட்டில் புதியது வந்ததென்று மாற்றுவது ஆசை. தேவைக்கு எல்லை உண்டு, ஆசைக்கு இல்லை.

1927-ஆம் ஆண்டு ஹரால்டு பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு வழி கண்டார். வெளிவரும் ஒலிக்குறியில் ஒரு பகுதியை, உள்ளே வருவதோடு ஒப்பிட்டுப் பிழையைக் குறைக்கும் முறை அது. அதற்கு விலையாகப் பெருக்கத்தில் ஒரு பங்கை இழத்தல் வேண்டும். விட்டுக்கொடுத்தே கருவி தூய்மை பெறுகின்றது. மாந்தர் மனத்திற்கும் அதுவே வழியன்றோ?