ஆடையும் அடையாளமும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

உடை மானங் காப்பது. வெயிலையும் குளிரையும் தடுப்பது. இவ்விரு பயன்களோடு அது நின்றிருப்பின் அதைப்பற்றி மெய்யியலார் சிந்திக்கவேண்டிய தேவை எழுந்திராது. ஆனால் உடை பேசவும் செய்கின்றது. உடுத்தியவர் வாய் திறக்குமுன்னரே அவர் இன்னார், இன்ன சமயத்தவர், இன்ன நிலையினர் என்று காண்போருக்கு அறிவித்துவிடுகின்றது. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்னும் பழமொழி இதனையே சுட்டுகின்றது. தனி ஒருவரைப் பற்றிப் பேசும் உடை, காலப்போக்கில் ஓர் இனத்தைப் பற்றியும் ஒரு நாட்டைப் பற்றியும் பேசத் தொடங்குகின்றது. அந்நிலையில் இரு வினாக்கள் எழுகின்றன. ஓர் இனத்தின் அடையாளம் அதன் உடையில் உறைகின்றதா? உறைகின்றதாயின், அவ்வுடையை உடுத்துமாறு தன் மக்களை வற்புறுத்தவோ, பிறர் தம் உடையை உடுத்துவதைத் தடுக்கவோ அவ்வினத்திற்கு உரிமை உண்டா? மட்டக்களப்பு வாவிக்கரை மக்களின் வாழ்வை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேசிய உடை எனப்படுவது தொன்றுதொட்டு மாறாது வருவது என்பது பலருடைய எண்ணம். வரலாறு இதற்கு மாறாகச் சான்று பகர்கின்றது. ஸ்கொத்லாந்து மலைநாட்டாரின் கட்டமிட்ட உடை 1746இல் ஆங்கில ஆட்சியாற் சட்டமூலம் தடைசெய்யப்பட்டது. 1782இல் அத்தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது, மலைநாட்டாரை அதுவரை இழிவாக நோக்கிய சமவெளி மக்களும் அவ்வுடையையே தம் நாட்டுடையாக அணிந்து நின்றனர். துருக்கியில் இரண்டாம் மஹ்மூத் சுல்தான் 1829இல் தலைப்பாகைக்குப் பதிலாகச் சீர்திருத்தத்தின் சின்னமாகச் செந்தொப்பியைப் புகுத்தினார். நூறாண்டு நிறைவதற்குள், 1925இல், முஸ்தபா கமாலின் அரசு அதே தொப்பியைப் பழைமையின் சின்னமென்று தடைசெய்தது.

அத்தொப்பிக்கு நம் நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. 1905இல் எம். சி. அப்துல் காதர் என்னும் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியுடன் கொழும்பு உயர் நீதிமன்றில் தோன்றியபோது, அதை அணிந்து வாதிடல் ஆகாது எனப் பிரதம நீதியரசர் தடுத்தார். இலங்கை முஸ்லிம்கள் அவ்வாண்டின் இறுதியிற் பெருங்கூட்டங்கூடித் தம் மறுப்பைத் தெரிவித்தனர். அதே 1905ஆம் ஆண்டிலேயே ஆனந்த குமாரசுவாமி முதலியோர் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, ஐரோப்பிய நடையுடைகளைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைக் கண்டித்தனர். ஆக, ஓரிடத்தில் அடிமைத்தனமாகக் கருதப்பட்ட பொருள் இன்னோரிடத்தில் தன்மானமாயிற்று. துணியிலோ தொப்பியிலோ பொருள் இயல்பாக உறைவதன்று. மக்களே தம் தேவைக்கேற்பப் பொருளை அதில் ஏற்றுகின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

இதனைக் கொண்டு, 'உடை மரபு யாவும் புனைவு. ஆதலின் அதற்கு மதிப்பில்லை' என்று முடிவுகட்டுதல் தவறாகும். மொழியும் மனிதரால் ஆக்கப்பட்டதே. அதனால் அது பொய்யாகிவிடவில்லை. ஆக்கப்பட்டது என்பதொன்று, பொய்யானது என்பது வேறொன்று. எனினும், ஆக்கப்பட்ட ஒன்றை மாற்றமுடியாத இயற்கை விதிபோலக் காட்டி, அதன் பெயரால் மனிதரை ஒறுக்க முனையும்போதே பொய் புகுகின்றது.

இனி வாவிக்கரைக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை. மேற்கே வயல்வெளிகள் விரிந்த படுவான்கரை. தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாலையிற் கோத்த மணிகள்போல ஒன்றையடுத்து ஒன்றாக எழுவான்கரையில் அமைந்துள்ளன. காத்தான்குடியை அடுத்து ஆரையம்பதி. மருதமுனையை அடுத்துப் பெரியநீலாவணை. இம்மக்களின் உடையை மட்டும் நோக்குவோர் இரண்டு வேறு உலகங்களைக் காண்பர். உடைக்கு அப்பால் நோக்குவோர் காண்பது வேறு.

இரு சமூகத்தாரிடமும் தாய்வழிக் குடிமுறை நிலவுகின்றது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடியினர் தமக்குள் மணம் முடித்தல் ஆகாது. மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். வீடு பெண்ணுக்கே சீதனமாகும். கோயிலில் குடிதோறும் வண்ணக்கர் இருப்பதுபோலப் பள்ளிவாசலில் குடிதோறும் மரைக்காயர் இருந்து நிருவாகம் புரிந்தனர். மலபார் முதலிய சில நிலப்பகுதிகளை விட்டால் இஸ்லாமியரிடையே அரிதாகவே காணப்படும் இம்முறை, வாவிக்கரையில் அயலவரான தமிழரோடு பகிர்ந்துகொள்ளப்பட்ட ஒன்றாகும். இது கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த ஊர்வலத்திலும் ஏந்திச் செல்லப்படுவதில்லை. ஆயினும் ஒருவர் எங்கே பிறந்தார், எங்கே வாழ்வார், யாரை மணப்பார், எதை உரிமையாகப் பெறுவார் என்பவற்றைத் தீர்மானிப்பது அதுவே. கண்ணுக்குத் தெரியும் வேற்றுமையைக் காட்டிலும் தெரியாத இவ்வொற்றுமை ஆழமானது எனலாம்.

உடையிலேயே கூடத் தூய்மையைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். நாம் அணியும் சப்பாத்து, களிசான், பொத்தான், மடித்து வைத்துக்கொள்ளும் லேஞ்சி ஆகியன போர்த்துக்கீச மொழி தந்த சொற்கள். சாறம் மலாய் மொழி வழி வந்தது. சேலையோடு தைத்த இரவிக்கை அணியும் வழக்கம் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலேயே பரவலாயிற்று. முஸ்லிம் நெசவாளர் மிகுந்த மருதமுனையிற் கைத்தறியில் நெய்யப்படும் சேலையையும் சாறத்தையும் எல்லாச் சமூகத்தாரும் உடுத்தி வந்துள்ளனர். நூலுக்குச் சமயம் இல்லை என்பதை அத்தறிகள் நாள்தோறும் உணர்த்துகின்றன.

இவ்விடத்தில் மட்டக்களப்புப் பறங்கியர் நினைவுகூரத்தக்கவர். போர்த்துக்கீசர் 1628இல் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சியாளர் சென்றனர், மக்கள் தங்கினர். தச்சு, கொல், தையல் முதலிய தொழில்களைச் செய்து வாழ்ந்த இச்சிறு சமூகம், போர்த்துக்கீசக் கலப்பு மொழியையும், ஐரோப்பிய மணவுடையையும், திருமண வீட்டிற் கப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் நூற்றாண்டுகளாகப் பேணி வந்துள்ளது. அவர்கள் பேசும் தமிழோ வாவிக்கரைத் தமிழே. மேனாட்டு உடை அணிவதால் அவர்களை அயலார் என்போமாயின், ஏறத்தாழ நானூறு ஆண்டு கால வாழ்வை ஓர் அங்கியின் பொருட்டு அழித்தவராவோம்.

இவை கடந்தகாலச் செய்திகள் அல்ல. 1980களில் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலை தேடிச் செல்வது பெருகிய பின்னர், சேலைத் தலைப்பால் முக்காடிட்டு வந்த முஸ்லிம் பெண்கள் பலர் அபாயா அணியத் தொடங்கினர். 2018இல் திருகோணமலையில் இந்து மகளிர் பாடசாலையொன்றின் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றிப் பெரும் பிணக்கு மூண்டது. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்தபின், முகத்தை மூடும் உடை அவசரகால விதியால் தடைசெய்யப்பட்டது.

இப்பிணக்கில் இரு தரப்பாரின் கூற்றுகளும் எடையுள்ளவை. ஒரு தரப்பார், 'இது எம் மண்ணில் விளைந்த உடையன்று. அயலவரோடு ஒத்து வாழ்ந்த மரபை இது பிரிக்கின்றது' என்பர். பிரிவினால் விளையும் துயரை நாம் அறிவோம். மறுதரப்பார், 'எம் நம்பிக்கைக்கேற்ப உடுத்துகின்றோம். வெளியிலிருந்து வந்ததென்றால் உங்கள் களிசான் எங்கிருந்து வந்தது?' என்பர். இதற்கு விடை கூறுதல் எளிதன்று. மேலும், அச்சத்துக்குள்ளான சிறுபான்மையினர் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை இறுகப் பற்றுதல் இயல்பே என்பதையும் மறுத்தற்கில்லை. தமிழர்க்கு இது சொல்லித் தெரியவேண்டியதன்று.

ஆயினும் இரு தரப்பாரும் நோக்கத் தவறும் உண்மை ஒன்றுண்டு. பண்பாட்டைச் சுமக்கும் பொறுப்பு எங்கும் பெண்ணின் மேலேயே ஏற்றப்படுகின்றது. வேட்டியை விடுத்துக் களிசான் அணிந்த ஆடவனைப் பார்த்துப் பண்பாடு அழிந்ததென்று ஊர் கூடுவதில்லை. சேலையை வற்புறுத்துவோரும் அபாயாவை வற்புறுத்துவோரும் அதைக் களையச் சொல்வோரும் பெரும்பாலும் அதனை அணியாதவர்களே. தான் சுமக்காத சுமையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு, அதனைத் தன் பெருமையாகக் கொள்ளுதல் அறமாகாது.

ஆகவே அணிதலையும் அணிவித்தலையும் வேறுபடுத்தல் வேண்டும். தானே விரும்பி அணியும் உடை ஒருவரின் கூற்று. பிறர் வற்புறுத்தி அணிவிக்கும் உடை அவர் வாயில் திணிக்கப்பட்ட சொல். களையும் உரிமை உள்ள இடத்திலேதான் அணிதலும் உரிமையாகின்றது. வற்புறுத்தல் அரசிடமிருந்து வரினும், ஊரிடமிருந்து வரினும், வீட்டிலிருந்தே வரினும் இந்நியதி மாறாது. பாடசாலை, நீதிமன்றம் முதலிய பொதுநிலையங்கள் தம் பணிக்கு இன்றியமையாத விதிகளை வகுக்கலாம். ஆனால் அவ்விதி யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும்.

வாவிக்கரைக் கூத்துக்களரி இதற்கு நல்லதோர் உவமையைத் தருகின்றது. வடமோடிக் கூத்திற் கரப்புடுப்பும் முடியும் தரித்த வேளாண்மைக்காரன் ஓரிரவு அரசனாகின்றான். ஊரும் அவனை அரசனாகவே ஏற்கின்றது. விடிந்ததும் உடுப்பைக் களைந்து வயலுக்குச் செல்கின்றான். உடை அவனுக்கு ஒரு பாத்திரத்தைத் தந்தது, அவனை விழுங்கிவிடவில்லை. களைய முடியாத வேடமாக அடையாளத்தை ஆக்கும்போது, மனிதன் மறைந்து வேடமே எஞ்சுகின்றது.

அவ்வாறு வேடமே எஞ்சியதன் விளைவை இவ்வாவிக்கரை கண்டது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். கொன்றோர் கண்டது அடையாளத்தை, மடிந்தோர் மனிதர்.

எனவே, ஓர் இனத்தின் அடையாளம் உடையிற் புலப்படலாம், உறைவது அங்கன்று. அயலவரோடு நீரையும் வயலையும் சந்தையையும் பகிரும் முறையிலும், பெண்ணுக்கு அளிக்கும் இடத்திலும், நலிந்தவர்பாற் காட்டும் நீதியிலும் அது உறைகின்றது. தன் உடையைப் பேணும் உரிமை எல்லா இனத்திற்கும் உண்டு. தன்னினின்று வேறாக உடுத்தியவரைத் தன்னவராக ஏற்கும் ஆற்றலே அவ்வினத்தின் பண்பாட்டை அளக்கும் கோலாகும்.