தகப்பன்சாமி சந்நிதியில் ஒரு கேள்வி



சென்ற கோடை விடுமுறையில் ஹரோவிலிருந்து நாங்கள் ஏழு குடும்பத்தினர் சோழநாட்டுத் தலயாத்திரை சென்று வந்தோம். பெரியவர்களுட் பலர் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர்கள்; பிள்ளைகள் எல்லோரும் இலண்டனிற் பிறந்தவர்கள். அந்த யாத்திரையில் ஒரு நாள் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

காலையில் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள தாராசுரம் சென்றோம். இரண்டாம் இராசராச சோழன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் திருக்கோயில் அது. 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. குதிரை பூட்டிய தேர்போல அமைந்த மண்டபத்தைப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள். கருவறையின் புறச்சுவரில், அடித்தளத்தை ஒட்டி, நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணம் பாடியது இம்மன்னனின் தந்தையாகிய இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பர். தந்தை காலத்தில் ஏட்டில் எழுந்தது, மகன் காலத்தில் கல்லில் ஏறிவிட்டது.

அச்சிற்பங்களைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். அவற்றுள் ஒன்று அவிநாசியில் நிகழ்ந்த அற்புதம். முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பாடி மீட்டெடுத்த வரலாற்றை எங்களுள் ஓர் அம்மா பிள்ளைகளுக்குச் சொன்னார்.

அடுத்துக் காவிரிக்கரையிலுள்ள சுவாமிமலைக்குச் சென்றோம். திருமுருகன் குடிகொண்ட மலை என்று மட்டுமே நாம் அவ்வூரை அறிவோம். ஆனால் அங்கே ஸ்தபதிகளின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, தெய்வத் திருமேனிகளை வார்த்து வருகின்றன. பட்டறை ஒன்றில் ஸ்தபதி ஒருவர் வேலையைக் காட்டினார். தென்னங்கீற்றின் ஓலையை மடித்து அளவு எடுக்கிறார்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்துக் காய்ச்சி உருவம் சமைக்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகிறார்கள். மண்ணைச் சூடாக்க, மெழுகு உருகி வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்திலே உருக்கிய உலோகம் பாய்கிறது. ஆறியபின் மண்ணை உடைத்தால் உள்ளே திருமேனி! அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப் போல் இன்னொன்று அமைவதில்லை.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற பத்து வயதுப் பையன் ஒருவன், "அப்பா, இது எப்ப சாமி ஆகும்?" என்று கேட்டான். தகப்பனாருக்கு விடை தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எங்கள் எவருக்கும் தெரியவில்லை. "சும்மா நில்லடா" என்றார் தகப்பனார். ஸ்தபதி சிரித்துக்கொண்டு, "கண் திறந்து, கோயில்ல பிரதிஷ்டை பண்ணி, நீங்கள்லாம் வந்து கும்பிடணும் தம்பி" என்றார்.

வானில் திரும்பும்போது பெரியவர் ஒருவர் பத்தூர் நடராசரைப் பற்றிச் சொன்னார். அத்திருமேனி 1976இல் தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரில், இடிந்த சிவன் கோயிலின் அருகே மண்ணிலிருந்து வெளிப்பட்டது; பின்னர் கடத்தப்பட்டு நமது இலண்டனுக்கே வந்து சேர்ந்தது. இங்கே வழக்கு நடந்தது. பூசையின்றிப் பாழாய்க் கிடந்த அக்கோயிலையே வழக்கின் ஒரு தரப்பாக ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. 1991இல் மேன்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்து, கூத்தப்பெருமான் தமிழகம் திரும்பினார். ஆயினும் பாதுகாப்புக் கருதித் திருவாரூரிலே வைக்கப்பட்டார். கோயில் வழக்கை வென்றது. கும்பிடுவதற்கு அடியார் கூட்டம் வேண்டுமே! ஸ்தபதி சொன்ன விடையின் பொருள் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மாலையில் அறுபது படிகள் ஏறிச் சுவாமிநாதப் பெருமானைத் தரிசித்தோம். பிரணவத்தின் பொருளைப் பிள்ளை சொல்ல, தந்தையாகிய சிவபெருமான் சீடனாய் நின்று கேட்ட தலமன்றோ அது! எல்லாம் அறிந்த பரம்பொருளே பிள்ளை முன் வாய்பொத்திச் செவிசாய்த்தது. நாமோ விடை தெரியாத வெட்கத்தை மறைக்கப் பிள்ளையின் வாயை அடைக்கிறோம். அந்தத் தகப்பனார் சந்நிதியிலே மகனின் தோளைத் தொட்டு, "நீ கேட்டது நல்ல கேள்விதான். எனக்குத் தெரியேல்லை" என்றார். அன்றைய அர்ச்சனைகளுள் அதுவே பெரிது என எமக்குத் தோன்றியது.

அன்பர்களே, ஹரோவில் நமது இல்லங்களிலும் இதுதானே நடக்கிறது? திருநீறு ஏன், வலம் வருவது ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "கேள்வி கேளாதே, கும்பிடு" என்கிறோம். சில ஆண்டுகளில் கேள்வியும் நின்றுவிடுகிறது, கோயிலுக்கு வருவதும் நின்றுவிடுகிறது. பிறகு "இந்த நாடு பிள்ளைகளை விழுங்கிவிட்டது" என்று புலம்புகிறோம்.

தாராசுரத்துச் சிற்பத்தை மறுபடி நினைப்போம். முதலை வாயினின்று மீண்ட பாலன் பழைய சிறு குழந்தையாக வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்கிறது புராணம். நம் பிள்ளைகளும் இந்நாட்டில் வளர்ந்த வளர்ச்சியோடுதான் நம்மிடம் வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியே அந்த வளர்ச்சி. நாம் பிறந்த ஊரின் அச்சிலே அவர்களை வார்க்க முடியாது. அச்சு உடைந்துவிட்டது, உள்ளிருக்கும் பொன்னும் செம்பும் அதே பொன்னும் செம்பும்தான்.

ஆகவே ஒரு சிறு விண்ணப்பம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் பிரசாதத்தோடு உடனே புறப்படாமல், கால் மணி நேரம் பிள்ளைகளோடு அமர்வோம். அவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும். தெரிந்தால் சொல்வோம், தெரியாவிட்டால் "தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்போம். அப்படிச் சொல்வதால் நம் மதிப்புக் குறைந்துவிடாது. தகப்பன்சாமியின் முன்னே சிவபெருமானுக்கு என்ன குறைந்தது?

சுவாமிநாதப் பெருமானின் திருவருள் நம் எல்லோருக்கும், சிறப்பாக நம் பிள்ளைகளுக்கும், துணை நிற்பதாக.

சுபம்.