முடிச்சை யார் அவிழ்ப்பது?

இட்லிப் பார்சலைப் பிரித்தால் உள்ளே இரண்டு சட்னி, ஒரு சாம்பார் கவர். நாலு இட்லிக்கு அவ்வளவும் செல்லாது. ஒரு கவர் பிரிக்கப்படாமல், கழுத்தில் நூல் சுற்றியபடியே, இலைப் பேப்பரோடு சுருண்டு குப்பைக்குப் போகிறது. திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் போன்ற ஓர் ஊராட்சியில் அதை அடுத்துத் தொடுவது தூய்மைக் காவலரின் கை. மட்கும் குப்பை உரக்குழிக்குப் போக வேண்டுமானால் அந்த முடிச்சை அவர்தான் அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்தால் புளித்த சாம்பார் முழங்கை வரை வழியும். விட்டுவிட்டால் பிளாஸ்டிக் குழிக்குள் இறங்கி உரத்தையே கெடுக்கும். வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் பிளாஸ்டிக் பூசிய டீ கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் முடிச்சு அந்தக் கைக்குத்தான் வந்து சேர்கிறது.

“காசு குடுத்துத்தானே வாங்குனோம், தின்னாலும் எறிஞ்சாலும் எங்க இஷ்டம்” என்ற பேச்சு பலருக்கும் நியாயமாகப் படுகிறது. பொருளுக்கு உரியவன் அதை வீணாக்கவும் உரிமை உள்ளவன்தானே? இந்த வாதத்தை அவசரமாகத் தள்ளிவிட முடியாது. கொடுத்த காசு எதற்கெல்லாம் ஈடானது என்று பார்த்தால்தான் அதன் ஓட்டை தெரியும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டுக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தின் செலவு சோற்றின் விலையில் இல்லை; ஊரே சேர்ந்து சுமக்கிறது. அந்தச் சலுகைக்குப் பின்னாலும் பெரிய விலை உண்டு. மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் திரண்ட 1970 ஜூன் 19 அன்று, இதே பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். ஆண்டுதோறும் உழவர் அமைப்புகள் இங்கே வந்து அஞ்சலி செலுத்துகின்றன. தண்ணீரின் கதையும் அப்படித்தான். 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்படும் முன் இந்த வட்டாரம் இரண்டு தலைமுறை காத்திருந்தது. ஓட்டல் பில்லில் இவையெல்லாம் ஏறுவதில்லை. ஆகவே, காசு கொடுத்தவர் வாங்கியது உண்ணும் உரிமையைத்தான். வீணாக்கும் உரிமைக்கு அவர் விலை கொடுக்கவே இல்லை.

சரி, குற்றம் வீட்டுப் பெண்ணுடையதா? அறிவுரைகள் எல்லாம் அவள் பக்கமே திரும்புகின்றன. அது பெரிய அநியாயம். கொங்கு வீடுகளில் ஒரு காலத்தில் வாசலோரம் கழுநீர்த் தொட்டி இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், வடித்த கஞ்சி, ஆறிப்போன மிச்சம் எல்லாம் அதில் விழும், மாடு குடித்துவிடும். மாடு தின்னாதது எருக்குழிக்குப் போகும். இரவுச் சோறு தண்ணீர் ஊற்றி வைக்கப்பட்டுக் காலையில் பழைய சோறாகும். அன்றைய பெண்கள் சிக்கனக்காரிகள் என்பது உண்மைதான். ஆனால் மிச்சத்தை வாங்கிக்கொள்ள ஒரு வாய் வாசலிலேயே இருந்தது என்பதும் உண்மை. பட்டி இருந்த இடத்தில் பனியன் கம்பெனி வந்துவிட்டது. லைன் வீடுகளில் எருக்குழிக்கு இடம் ஏது? ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம் மூன்று வாளி வைத்துப் பிரிக்கவில்லையே என்று கேட்பதற்கு முன், அந்த வாளிகளை எடுத்துப்போக வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று ஊராட்சியிடம் கேட்க வேண்டும்.

அதற்காக வீட்டுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில், 28 சதவீதம் உணவு விடுதி, கேண்டீன் போன்ற இடங்களில். ஆனால் இந்தப் பங்கைப் பொறுப்பின் பங்காகவும் எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும். கோடிக்கணக்கான அடுப்படிகளில் ஒவ்வொரு கரண்டியாகச் சேர்வது முதல் எண். ஒரே ஆளின் தீர்மானத்தில் அண்டா அண்டாவாகப் போவது இரண்டாவது. அளவைத் தீர்மானிப்பவர் யாரோ, அவர் தோளில்தான் பொறுப்பு முதலில் ஏற வேண்டும். பார்சலுக்குள் எத்தனை கவர் வைப்பது என்பது வாங்க வந்தவரின் கையில் இல்லை. “எத்தனை சட்னி வேணுங்க?” என்று கல்லாவில் கேட்கலாம். தூக்குப்போசி கொண்டு வருபவருக்கு முகம் சுளிக்காமல் ஊற்றிக் கொடுக்கலாம். இதற்குச் செலவே இல்லை.

கல்யாண மண்டபத்தின் நிலை இன்னும் சிக்கலானது. பந்தியில் ஒருவருக்குச் சோறு பற்றாமல் போனால் கொங்கு வீட்டில் அது ஆயுளுக்கும் ஆறாத அவமானம். அந்த அச்சத்தைப் பகட்டு என்று தள்ளுவது சரியல்ல. வந்தவரைப் பசியோடு அனுப்பக் கூடாது என்ற நல்ல மனம் அதில் இருக்கிறது. ஆனால் பசிக்கு வேண்டியது சோறும் குழம்பும். இலையில் பாதி கடித்துக் கிடப்பது நான்காவது இனிப்பும், கேட்காமல் வைத்துப்போன இரண்டாவது பொரியலும். அவை விருந்தினரின் பசிக்காக வைக்கப்பட்டவை அல்ல. பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்தோடு போட்டியிட வைக்கப்பட்டவை. சோறு மிஞ்சுவதை மன்னிக்கலாம். போட்டியில் மிஞ்சுவதை விருந்தோம்பல் என்று அழைக்க முடியாது.

மிஞ்சியதை வடமாநிலத் தொழிலாளர் தங்கும் விடுதிக்கு அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நல்ல உணவு நல்ல நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அது நல்ல காரியமே. மிச்ச உணவைப் பாதுகாப்பாகக் கொடுப்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு விதிமுறையும் இருக்கிறது. ஆனால் மதியப் பந்தியின் சாம்பார் மாலை ஐந்து மணிக்கு ஏனத்தில் வந்து இறங்கும்போது, கொடுப்பவர் வீட்டுக் குழந்தை அதைச் சாப்பிடுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிடாது என்றால் அங்கே நடப்பது தானம் அல்ல. குப்பையை அடுத்தவர் வயிற்றில் கொட்டுவது. தானம் சுத்தமாகவே நடந்தாலும், அதை நம்பி நாளையும் கூடுதலாகச் சமைத்தால் தவறு அப்படியே நிற்கிறது.

கழிவு, அதை உண்டாக்கியவரின் கணக்கில் சேர வேண்டியது என்பதைத் திருப்பூர் வலியோடு கற்றிருக்கிறது. நொய்யல் ஆற்றில் சாயம் ஓடியபோது கீழே ஒரத்துப்பாளையம் பக்கம் வயல் வைத்திருந்தவர்கள்தான் அழிந்தார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறை இங்கே உறுதியாக வேரூன்றியது. துணியில் அதற்கும் முன்பே அந்தக் கணக்கு உண்டு: கட்டிங் வேஸ்ட்டை வெள்ளை, கலர் என்று பிரித்து, எடை போட்டு விற்கிறார்கள், அது மீண்டும் நூலாகிறது, மெஷின் துடைக்கும் துணியாகிறது. கையளவு பனியன் துணிக்குத் தராசு எடுக்கும் ஊரில், வாளி நிறைந்த சோற்றுக்குத் தராசு கிடையாது. மாநகராட்சிக் குப்பை பாறைக்குழிகளுக்குப் போனபோது முதலிபாளையம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அங்கே நாறியதில் பெரும்பகுதி சமையற்கட்டிலிருந்து வந்ததுதான்.

தென்கொரியா உணவுக் கழிவை நிலத்தில் புதைப்பதை 2005இல் தடை செய்தது. 2013 முதல் கழிவின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறது. பெருமாநல்லூர் அதை அப்படியே வீடுகளில் புகுத்தினால் சுமை எளியவர் தலையில்தான் விழும். ஆனால் நெடுஞ்சாலை ஓட்டல், கல்யாண மண்டபம், கம்பெனி கேண்டீன் ஆகிய மூன்றிடமும் கிலோவுக்கு இவ்வளவு என்று ஊராட்சி வாங்கத் தொடங்கலாம். பிரித்துக் கொடுத்தால் பாதிக் கட்டணம், கட்டிய கவரோடு கொடுத்தால் இரட்டிப்பு. அந்தப் பணத்தின் முதல் செலவு தூய்மைக் காவலரின் கையுறையும் கூலி உயர்வுமாக இருக்க வேண்டும்.